கப்பலா, கடலா, கரையா? கப்பல் சுற்றுலாவுக்குக் காசு கட்டும் முன்னாடி ஒரு த்ரெட்

1/
"சார், கப்பல்ல போகலாமா? சுகர் இருக்கு, ஒண்ணும் பண்ணாதுல்ல?"

ஓ.பி.யில இரத்த அழுத்தம் பார்த்துக்கிட்டு இருக்கும்போது இந்தக் கேள்வி இப்பல்லாம் அடிக்கடி வருது. கல்யாண நாளுக்குப் போறவங்க, ரிட்டயர்மென்ட் பணம் வந்தவங்க, தேனிலவு போற எங்க ஆஸ்பத்திரி லேப் தம்பி வரைக்கும் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல. அதனால மொத்தமா இங்க எழுதிடுறேன். நீளமான பதிவு. சேமிச்சு வச்சுக்கிட்டு மெதுவா படிங்க.

2/
நான் இருக்கிறது திருப்பரங்குன்றம். எங்க ஊர்ல இருந்து கடலைப் பார்க்கணும்னா ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ போகணும். எந்தப் பக்கம் போனாலும் ரெண்டரை, மூணு மணி நேரம். தை மாசம் தெப்பத்துல சாமி சுத்தி வர்றதுதான் எங்க ஊர்ப் பிள்ளைகள் முதல்ல பார்க்குற 'கப்பல்'.

அதனால கப்பல் சுற்றுலான்னு யாராவது போஸ்டரைக் காட்டினா, நமக்கு எல்லாமே ஒண்ணு மாதிரிதான் தெரியும். வெள்ளைக் கப்பல், நீலக் கடல், நீச்சல் குளம், "ஒருவருக்கு வெறும் இவ்வளவு".

எல்லாம் ஒண்ணு கிடையாது. இந்த த்ரெட்ல நான் சொல்ல வர்றதே அதுதான்.

3/
காசு கட்டும் முன்னாடி வீட்ல எல்லாரும் உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க.

நமக்கு வேணுங்கிறது கப்பலா, கடலா, கரையா?

கப்பல்னா: மிதக்குற ஹோட்டல். சாப்பாடு, பாட்டு, நீச்சல் குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு. கப்பல் எங்க போகுதுங்கிறது ரெண்டாம்பட்சம்.

கடல்னா: சுத்தி நாலு பக்கமும் தண்ணி. அந்த அமைதி. ராத்திரி நட்சத்திரம். வசதி கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல.

கரைன்னா: போய்ச் சேர்ற ஊரைப் பார்க்கணும். கப்பல் ஒரு வண்டி மட்டும்தான்.

மூணுக்கும் நம்ம பக்கத்துல இருந்தே வழி இருக்கு. விலையும் வேற, உடம்பு படுற பாடும் வேற.

4/
நம்ம தாத்தா காலத்துல இந்தக் கேள்வியே கிடையாது. கரை மட்டும்தான். 'ரஜூலா'ன்னு ஒரு கப்பல். 1926-ல கட்டினது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு பல பத்து வருஷம் நம்ம சனங்களை ஏத்திக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் 'எம்.வி. சிதம்பரம்'. 1985-ல அதுல தீப்பிடிச்சு உயிர்ச்சேதம் ஆகி, அதோட அந்தப் பயணக் கப்பல் காலமே முடிஞ்சு போச்சு.

சிவகங்கை, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கம் வயசானவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கப்பல்னா அவங்களுக்குப் பொழப்பு, பிரிவு, தகரப்பெட்டி. உல்லாசம்னு அவங்க யாரும் சொல்ல மாட்டாங்க.

நம்ம தலைமுறைக்குத்தான் கப்பல்ல போறதே ஒரு சுற்றுலாவா ஆகியிருக்கு. அதனால இதைத் தேர்ந்தெடுக்க நமக்குச் சொல்லிக் கொடுக்க வீட்ல பெரியவங்க அனுபவமும் இல்ல.

5/
முதல்ல 'கப்பல்' வேணுங்கிறவங்களுக்கு.

தமிழ்நாட்டுல இருந்தே கிளம்புற சொகுசுக் கப்பல் கார்டெலியா நிறுவனத்தோட 'எம்ப்ரஸ்'. 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சு இந்தப் பயணங்கள் ஆரம்பிச்சது. 1990-ல கட்டின கப்பல். முன்னாடி ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஓடினது. நீளம் 200 மீட்டருக்கு மேல, 11 தளம். உலக அளவுல இன்னைக்கு வர்ற கப்பல்களோட ஒப்பிட்டா இது சின்னது, பழசு. ஆனா சைவம், ஜெயின் சாப்பாடு, இந்தியப் பாட்டுக் கச்சேரின்னு நம்ம ஆட்களுக்காகவே நடத்துறாங்க.

சென்னையில கிளம்பி ஆழ்கடல் வரைக்கும் போய்த் திரும்புற ரெண்டு ராத்திரிப் பயணமும் உண்டு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கையைத் தொட்டு வர்ற நீளமான பயணமும் நடந்திருக்கு. 2023 ஜூன்ல காங்கேசன்துறைக்கு அது போனப்ப யாழ்ப்பாணமே வேடிக்கை பார்த்துச்சு.

ஒண்ணு கவனிங்க. இந்தக் கப்பல் வருஷம் முழுக்கச் சென்னையில நிக்காது. மும்பை, கொச்சின்னு மாறும். தேதியைப் பார்த்துட்டு லீவு போடுங்க. லீவு போட்டுட்டுத் தேதி தேடாதீங்க.

6/
ரெண்டு ராத்திரி ஆழ்கடல் பயணத்துல எந்த ஊரும் வராது. கப்பல் போகும், திரும்பும், அவ்வளவுதான். "ரெண்டு நாள் போனோம், ஒண்ணுமே பார்க்கல"ன்னு திரும்பி வந்து அலுத்துக்கிட்டவங்களை எனக்குத் தெரியும். அவங்களுக்கு வேண்டியிருந்தது கரை. வாங்கினது கப்பல்.

அதே பயணத்துல எட்டு வயசுப் பிள்ளையோட போன எங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, "டாக்டர், கல்யாணமாகி இப்பதான் ரெண்டு நாள் முழுசா அடுப்பைப் பார்க்காம இருந்தேன்"னு சொன்னாங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஓய்வு. சரியானதைத்தான் வாங்கியிருக்காங்க.

7/
இப்ப காசு. போஸ்டர்ல இருக்குற விலைக்கும் கையை விட்டுப் போற காசுக்கும் நடுவுல நிறைய இருக்கு. ஒரு உதாரணக் கணக்கு போடுறேன். இது எந்த நிறுவனத்தோட விலையும் கிடையாது, கணக்குப் போடுற முறை மட்டும்.

போஸ்டர்ல: ஒருவருக்கு 18,000. கீழ பொடி எழுத்துல: 'இருவர் ஒரு அறையில் தங்கினால்'.

நாலு பேர் குடும்பம், ஒரே அறை.
முதல் ரெண்டு பேர்: 36,000
மூணாவது, நாலாவது ஆள் தலா 12,000: 24,000
துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி தலா 5,000: 20,000
மதுரை–சென்னை போக வர, ஆட்டோ, ஒரு ராத்திரி தங்க: 10,000
கப்பல்ல தனியா காசு கொடுக்குற தின்பண்டம், போட்டோ, வைஃபை, கரைச் சுற்றுலா: 10,000

மொத்தம் 1,00,000. ஆளுக்கு 25,000.

போஸ்டர்ல 18 பார்த்து நாலு பேருக்கு 72 ஆகும்னு நினைச்சோம். லட்சம் ஆச்சு. யாரும் நம்மை ஏமாத்தல. நாம முழுசாக் கூட்டல, அவ்வளவுதான்.

8/
அதனால புக் பண்ற இடத்துல கேக்க வேண்டிய கேள்விகள்:

அ. துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் சேர்த்தா, சேர்க்காமலா?
ஆ. எந்தெந்தச் சாப்பாடு டிக்கெட்டுக்குள்ள வருது? எந்த உணவகத்துக்குத் தனிக் காசு?
இ. தண்ணி பாட்டில், ஜூஸ், காபி?
ஈ. நான் போக முடியலைன்னா எவ்வளவு திரும்ப வரும்? எத்தனை நாளுக்கு முன்னாடி சொல்லணும்?
உ. வானிலையால கப்பல் ஒரு ஊருக்குப் போகலைன்னா?

கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் "பாதையை மாத்த எங்களுக்கு உரிமை உண்டு"ன்னுதான் இருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் எழுதியிருப்பாங்க.

அறை விஷயம்: ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. பகல் முழுக்க மேல்தளத்துல சுத்துறவங்களுக்கு அது போதும். மூட்டுவலியோட அறையிலயே உக்காந்து கடலைப் பார்க்கப் போற பெரியவங்களுக்கு ஜன்னல் இருக்குற அறை எடுங்க. அந்தச் செலவு வீண் கிடையாது.

தயவு செய்து ஒண்ணு. நகையை அடகு வச்சுப் போகாதீங்க. ரெண்டு ராத்திரிக்கு ரெண்டு வருஷம் வட்டி கட்டுறது ஓய்வு கிடையாது. எங்க லேப் தம்பிக்கும் இதையேதான் சொன்னேன்.

9/
இன்னும் பெரிய கப்பல் பார்க்கணும்னா சிங்கப்பூர். 'கென்டிங் ட்ரீம்' மாதிரி ஒன்றரை லட்சம் டன் அளவுள்ள கப்பல்கள் அங்க மரீனா பே முனையத்துல இருந்து மலேசியா, தாய்லாந்துப் பக்கம் மூணு நாலு ராத்திரிப் பயணமாப் போகுது. இந்தியச் சாப்பாடு கிடைக்கும். கூட்டம் ஒரு சின்ன ஊர் அளவுக்கு இருக்கும்.

இதுல விமான டிக்கெட், விசா, சிங்கப்பூர்ல ஒண்ணு ரெண்டு நாள் தங்குற செலவு எல்லாம் சேரும். முக்கியமா விசா: சிங்கப்பூர்ல இறங்கி, கப்பல்ல வெளிநாடு போய், மறுபடி சிங்கப்பூருக்குள்ள வர்றீங்க. அதனால ஒரு தடவைக்கு மேல நுழைய அனுமதிக்குற விசாவான்னு பார்த்துக்கோங்க. கப்பல் தொடுற மத்த நாட்டுக்கும் தனியா விதி இருக்கும்.

என்னை மாதிரி அரசு ஊழியர்கள் வெளிநாடு போக முன்கூட்டியே துறை அனுமதி வாங்கணும். இலங்கைக்குக் கப்பல்ல போனாலும் அது வெளிநாடுதான். கோப்பு நகர நாளாகும். முதல்ல அதை எழுதிக் கொடுங்க, அப்புறம் டிக்கெட்.

10/
அடுத்து 'கடல்' வேணுங்கிறவங்களுக்கு. இதுக்குச் சொகுசுக் கப்பலே தேவையில்லை.

சென்னையில இருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் இருக்கு. நான்கவுரி, ஸ்வராஜ் தீப் மாதிரி கப்பல்கள். போர்ட் பிளேர் (இப்ப ஸ்ரீ விஜயபுரம்) போய்ச் சேர சுமார் 60 மணி நேரம், வானிலை சரியில்லைன்னா இன்னும் கூடும். பங்க், ரெண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ்னு டிக்கெட். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. மாசத்துக்குச் சில பயணம்தான், அதனால தேதி பார்த்துத்தான் திட்டம் போடணும்.

ஹவுஸ் சர்ஜன் முடிச்ச கையோட நாங்க அஞ்சு பேர் இதுல போனோம். பங்க் வகுப்பு ரயில் பெட்டி மாதிரி வரிசையா படுக்கை. சுற்றுலாக்காரங்களைவிட தீவுல வேலை பார்க்குறவங்க, சொந்த ஊருக்குப் போய்த் திரும்புறவங்கதான் அதிகம். சீட்டு விளையாட்டு, முறுக்கு டப்பா, கைக்குழந்தை அழுகை. ரெண்டாம் நாள் சாயங்காலம் மேல்தளத்துல நின்னா கரை எங்கயும் கிடையாது, போன் சிக்னல் கிடையாது, பறக்கும் மீன் மட்டும் கூட்டமா எழும்பி விழும். அதுதான் எனக்குக் கடல்.

நீச்சல் குளம், மேடைப் பாட்டு எதிர்பார்த்துப் போனா அழுதுடுவீங்க. திரும்பி வர விமானம் எடுத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் கப்பல்னா லீவு பத்தாது.

11/
இன்னொண்ணு லட்சத்தீவு. கொச்சியில இருந்து கப்பல். அங்க உள்ள அரசு சுற்றுலா அமைப்பு 'சமுத்ரம்'னு ஒரு பயணம் நடத்துறாங்க. எம்.வி. கவரத்தி கப்பல்ல அஞ்சு நாள், கவரத்தி, கல்பேனி, மினிக்காய்னு மூணு தீவு. ராத்திரி கப்பல்ல படுக்கை, பகல்ல தீவுல நீச்சல், மீன் சாப்பாடு. கப்பல், கடல், கரை மூணும் நடுத்தரமா வேணும்னா இது நல்ல பொருத்தம்.

ரெண்டு விஷயம். ஒண்ணு, தீவுக்குள்ள போக அனுமதிச் சீட்டு கட்டாயம். கடைசி நேரத்துல கிளம்ப முடியாது. ரெண்டு, தீவைச் சுத்திப் பவளப்பாறை இருக்குறதால பெரிய கப்பல் தள்ளியே நிக்கும். நடுக்கடல்ல சின்ன படகுக்கு மாறி ஏறித்தான் கரைக்குப் போகணும். அலையில படகு ஏறி இறங்கும். கைப்பிடிச்சு ஏத்திவிட ஆள் இருப்பாங்க, ஆனாலும் காலை எட்டி வைக்கத் தெரியணும். முழங்கால் தேய்ஞ்ச அம்மாவையும், பக்கவாதம் வந்து தேறின அப்பாவையும் கூட்டிட்டுப் போறவங்க இதை முதல்லயே யோசிங்க. போஸ்டர்ல இந்தப் படம் இருக்காது.

12/
மூணாவது 'கரை' வேணுங்கிறவங்களுக்கு.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்னைக்கு 'செரியாபாணி'ங்கிற கப்பலோட ஆரம்பிச்சு, சில நாள்லயே பருவமழையால நின்னுச்சு. 2024 ஆகஸ்ட்ல 'சிவகங்கை'ங்கிற கப்பலோட மறுபடி தொடங்கினாங்க. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம் போல. 150 பேர் உக்காரலாம். இறங்கினா யாழ்ப்பாணம் பக்கம். நல்லூர் கோயில், யாழ் நூலகம், நயினாதீவு.

இதுல கப்பல் அனுபவம்னு பெருசா ஒண்ணும் இல்ல, பஸ்ஸுல உக்கார்ற மாதிரி உக்காந்து போறதுதான். ஆனா யாழ்ப்பாணம் பார்க்கணும்னு மனசுல இருக்குறவங்களுக்குச் சொகுசுக் கப்பல்ல போய் அஞ்சு மணி நேரம் அவசரமாச் சுத்துறதைவிட இது மேல். மூணு நாள் தங்கி, நிதானமாப் பார்க்கலாம். பாஸ்போர்ட், விசா அனுமதி வேணும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல சேவை நிக்கும்.

13/
"இவ்வளவெல்லாம் வேணாம் டாக்டர், ஒரு நாள் போதும்"ங்கிறவங்களுக்குக் கேரளா இருக்கு.

கொச்சி போல்காட்டியில இருந்து 'நெஃபர்டிட்டி'ன்னு கேரள அரசு நிறுவனத்தோட கப்பல், 2018-ல வந்தது. 48 மீட்டர் நீளம், 200 பேர். சில மணி நேரம் அரபிக்கடலுக்குள்ள போய் வரும். ஏசி ஹால், மேல்தளம், சாப்பாடு எல்லாம் உண்டு. மழைக்காலத்துல கடலுக்குள்ள போறது கஷ்டம், மத்த மாசம் பாருங்க.

அதுவும் அதிகம்னா ஆலப்புழா–கோட்டயம் அரசுப் படகு. ரெண்டரை மணி நேரம் குட்டநாட்டுக் காயல்ல, பஸ் டிக்கெட் மாதிரி விலையில. படகு எப்படி ஆடுது, நம்ம வயிறு எப்படி நடந்துக்குதுன்னு பார்க்க இது ஒரு சின்ன ஒத்திகை. ஆனா காயல் வேற, கடல் வேற. இங்க ஒண்ணும் ஆகலைன்னா அங்கயும் ஆகாதுன்னு அர்த்தம் கிடையாது.

மதுரைக்காரங்களுக்கு வழி: செங்கோட்டை, புனலூர் வழியாப் போற குருவாயூர் ரயில் கோட்டயம், எர்ணாகுளம் ரெண்டையும் தொடும்.

14/
இப்ப என் வேலை. உடம்பு.

குடும்பத்தோட போறதா இருந்தா, கூட்டத்துல யார் உடம்பு பலவீனமோ அவங்களுக்குத் தகுந்த பயணத்தைத்தான் தேர்ந்தெடுக்கணும். பலமானவங்க எதுலயும் சமாளிச்சுக்குவாங்க.

ஏன்னா கடல்ல 108 வராது.

பெரிய கப்பல்ல மருத்துவ மையம் இருக்கும். டாக்டர், நர்ஸ், இ.சி.ஜி., ஆக்சிஜன், அவசர மருந்து எல்லாம் இருக்கும். ஆனா கேத் லேப் இருக்காது, ரத்த வங்கி இருக்காது, டயாலிசிஸ் பொதுவா இருக்காது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முதல் சில மணி நேரம்தான் உயிர். நடுக்கடல்ல அந்த நேரம் கரைக்கு வர்றதுலயே போயிடும்.

15/
இவங்க எல்லாம் தன்னோட டாக்டரைக் கேக்காம டிக்கெட் போடாதீங்க:

மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ஆபரேஷன் முடிஞ்சு சில வாரங்களே ஆனவங்க. நடந்தா மூச்சு வாங்குறவங்க. டயாலிசிஸ்ல இருக்குறவங்க. அடிக்கடி வலிப்பு வர்றவங்க. சுகர் நிலையா இல்லாம ஏறி இறங்குறவங்க.

கர்ப்பிணிகள்: பெரும்பாலான நிறுவனங்கள் பயணம் முடியும்போது 24 வாரம் தாண்டியிருந்தா ஏத்த மாட்டாங்க. கைக்குழந்தைக்கும் பொதுவா ஆறு மாசமாவது ஆகியிருக்கணும். துறைமுகம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வராதீங்க.

வீட்லயே ஒரு சோதனை. ரெண்டு மாடி படி நிக்காம ஏறுங்க. நெஞ்சு வலியோ, பேச முடியாத மூச்சிரைப்போ வந்தா கப்பலை மறந்துட்டு முதல்ல ஓ.பி.க்கு வாங்க. (ஏற்கெனவே இதய நோய் இருக்குறவங்க இதைத் தனியாப் பரிசோதிச்சுப் பார்க்க வேணாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.)

16/
கடல் குமட்டல். காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு "ஆடுறோம்"னு சொல்லுது, கண்ணு அறைச்சுவரைப் பார்த்து "ஆடல"ன்னு சொல்லுது. மூளை குழம்பி வாந்தி வருது. ரெண்டு வயசுல இருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஒற்றைத் தலைவலி உள்ளவங்களுக்கு அதிகம்.

கொடைக்கானல் பஸ்ல வாந்தி எடுக்குறவங்க கப்பல்லயும் எடுக்க வாய்ப்பு அதிகம். அவங்களுக்கு முதல் பயணமா 60 மணி நேர அந்தமான் கப்பல் வேணாம்.

அறை கப்பலோட நடுவுல, கீழ்த்தளத்துல இருந்தா ஆட்டம் குறைவு. மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்க. போனைப் பார்க்காதீங்க. வெறும் வயிறும் வேணாம், பஃபே முழுக்க நிரப்பின வயிறும் வேணாம்.

மாத்திரை (மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், ப்ரோமெதசின் வகை) வாந்தி வந்தப்புறம் போட்டா பாதிதான் பலன். கிளம்பும் முன்னாடியே போடணும். தூக்கம் வரும். மதுவோட சேர்க்கக் கூடாது. புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய் உள்ள பெரியவங்களும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவங்களும் கேட்டுட்டுத்தான் பயன்படுத்தணும்.

17/
மருந்துப் பை. போற நாளைவிட அஞ்சு நாளுக்குக் கூடுதலா எடுத்துக்கோங்க. பாதி கைப்பையில, பாதி வேற பையில. பெரிய பெட்டியை வாங்கிட்டுப் போய்ச் சாயங்காலம்தான் அறைக்குக் கொண்டு வந்து கொடுப்பாங்க, மத்தியான மாத்திரை அதுக்குள்ள மாட்டிக்கும். சீட்டுல மருந்தோட மூலப் பேர் இருக்கணும்.

திறந்த இன்சுலின் 30 டிகிரிக்குள்ள சுமார் நாலு வாரம் தாங்கும். அதனால பயப்பட வேணாம், ஆனா வெயில்ல வைக்கக் கூடாது. சுகர்காரங்களுக்குக் கப்பல்ல உண்மையான வில்லன் பஃபேதான். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இனிப்பு திறந்தே இருக்கும். குமட்டல்ல சாப்பிடாம இன்சுலின் மட்டும் போட்டா அது அதைவிட ஆபத்து, சுகர் திடீர்னு இறங்கிடும்.

18/
தொற்று. மூடின இடம், ஒரே சாப்பாட்டுக் கூடம். 2020-ல ஜப்பான் யோகோஹாமாவுல நின்ன 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலை மறந்திருக்க மாட்டீங்க. 3,711 பேர் இருந்த கப்பல்ல 712 பேருக்குக் கொரோனா. அதுல இந்தியர் 138 பேர், ஆறு பேர் தவிர எல்லாரும் கப்பல் ஊழியர்கள்.

வழக்கமான காலத்துல தொந்தரவு கொடுக்கிறது நோரோ வைரஸ். வாந்தி, பேதி. இதுக்கு சானிடைசர் அவ்வளவா வேலை செய்யாது. சோப்பு போட்டுக் கை கழுவணும். கிளம்புற நாள் வீட்ல யாருக்காவது காய்ச்சல், பேதின்னா மறைக்காதீங்க.

19/
காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பிக் கப்பல் ஏறாதீங்க, கப்பல் மருத்துவ மையத்துல அது செல்லாது. வெளிநாட்டுக் கப்பல்ல சிகிச்சைக்குப் பெரும்பாலும் டாலர்ல பில் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ரெண்டு வரியைத் தேடுங்க: ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்துமா? கப்பல்ல இருந்து அவசரமாக் கரைக்குக் கொண்டு வர்ற செலவு உண்டா? சுகர், பிரஷர் இருக்குறதை மறைச்சு எடுத்தா பணம் வராது.

20/
எப்ப போகலாம்? வங்கக்கடலுக்கு ஜனவரியில இருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் நல்லது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் புயல் காலம். அரபிக்கடல் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கொந்தளிப்பு. பள்ளி லீவு மே மாசம்தான், ஆனா லைலா (2010), ரோனு (2016), ஆம்பன் (2020) எல்லாமே மே மாசப் புயல்கள். மேல போறவங்க பயணம் மாறினா தாங்குற மாதிரி லீவும் மனசும் வச்சுக்கோங்க.

சென்னையில ஏறுறவங்க முந்தின நாளே போய்ச் சேருங்க. பாண்டியன் ரெண்டு மணி நேரம் தாமதமாகலாம். கப்பல் காத்திருக்காது.

21/
இதெல்லாம் சேர்த்து எப்படி முடிவெடுக்குறதுன்னு ஒரு குடும்பத்தைச் சொல்றேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

நடத்துநரா இருந்து ஓய்வு பெற்ற ஐயா. பத்து மாசம் முன்னாடி மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட். மாத்திரை வாங்க வந்தவர் கையில இலங்கை போற கப்பலோட நோட்டீஸ். "சார், முப்பத்து நாலு வருஷம் ஊர்சனத்தை எல்லாம் ஏத்தி இறக்கினேன். இவளை ஒரு டூர் கூட்டிட்டுப் போகல. பணம் வந்திருக்கு. போயிரட்டுமா?"

கூட வந்த அம்மாகிட்ட கேட்டேன். "உங்களுக்கு என்னம்மா பார்க்கணும்?"

அவங்களை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டாங்க போல. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "எனக்குக் கப்பலெல்லாம் தெரியாது சார். ராமேஸ்வரத்துல சூரியன் கடல்ல இருந்து எந்திரிக்கிறதப் பாத்திருக்கேன். கடலுக்குள்ள இறங்குறத ஒரு தடவ பாக்கணும். இவுக உடம்புக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அவ்வளவுதான்."

22/
அவருக்குக் கப்பல். அம்மாவுக்குக் கடல். ரெண்டு பேருக்கும் கரை அவசியமில்லை. கிழக்குக் கடற்கரையில கடலுக்குள்ள சூரியன் இறங்குறதைப் பார்க்கணும்னா நடுக்கடலுக்குப் போகணும். மேற்குக் கடற்கரையில தினமும் இறங்குது.

இதய டாக்டர்கிட்ட எக்கோ பார்த்து, பயணத்துக்கு ஒப்புதல் வாங்கச் சொன்னேன். ஸ்டென்ட் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு சொன்னேன். கொச்சியில அந்தச் சாயங்காலக் கப்பலைச் சொன்னேன். சில மணி நேரத்துல கரைக்குத் திரும்பிடும், ஊர்ல பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கு, அவர் ஒதுக்கின பணத்துல கால்வாசிகூட ஆகாது.

அடுத்த மாசம் மாத்திரை வாங்க வந்தாங்க. கையில நேந்திரங்கா சிப்ஸ் பொட்டலம். "சார், இவ போய்ட்டு வர்ற வரைக்கும் உக்காரவே இல்ல. முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. மறுநாள் தைலம் தேய்ச்சுவிட்டது நான்தான்."

அம்மா சிரிச்சாங்க. "முழுசா இறங்கலை சார், கடைசியில மேகம் மறைச்சிருச்சு. இன்னொருக்கா போகணும்."

இலங்கைக் கப்பல் நோட்டீஸை ஐயா பத்திரமா வச்சிருக்கார். ஒரு வருஷம் ஆகட்டும், உடம்பைப் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

23/
சுருக்கமா:

கப்பல் வேணும்னா சென்னை எம்ப்ரஸ், வசதி இருந்தா சிங்கப்பூர்.
கடல் வேணும்னா அந்தமான் அரசுக் கப்பல், லட்சத்தீவு.
கரை வேணும்னா நாகப்பட்டினம்–காங்கேசன்துறை.
ருசி பார்க்க கொச்சி, ஆலப்புழா.

போஸ்டர் விலையை விடுங்க, முழுக் கணக்கைக் கூட்டுங்க. குடும்பத்துல பலவீனமானவர் யாருன்னு பாருங்க. வீட்ல இதுவரைக்கும் யார்கிட்டயும் "உனக்கு என்ன பார்க்கணும்?"னு கேக்காம இருந்தா, முதல்ல அவங்ககிட்ட கேளுங்க.

விலையும் தேதியும் மாறிக்கிட்டே இருக்கும், புக் பண்ற அன்னைக்குச் சரிபார்த்துக்கோங்க. உடம்பு சம்பந்தமான சந்தேகத்தைக் கமென்ட்ல கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன். எந்த ஏஜென்ட் நல்லவர்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

நல்லபடியா போய்ட்டு வாங்க.